குரல் மட்டும் போதும்

1

என் மகளுக்குத் தமிழ் தெரியும் என்பது என் குடும்பத்தாருக்குப் பெரிய தொந்தரவு. தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்கள். அவளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசியிருக்கலாம். பேசத்தான் செய்தார்கள். அவள் பதில் சொன்னபோதுதான் சங்கடம் வந்தது.

நான் குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் லைனில் பிறந்தவள். நர்ஸ் வேலைக்காக இங்கிலாந்து வந்து, லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் கணவர் கோஃபி கானா நாட்டுக்காரர். அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார். எங்களுக்கு ஒரே மகள், மலர். கல்லூரியில் படிக்கிறாள். நிறமும் முடியும் அவள் அப்பாவுடையவை. மூக்கு என் அப்பாவுடையது. கோபம் என்னுடையது.

தமிழை நான் அவளுக்குப் பாடமாகச் சொல்லித்தரவில்லை. தோசை ஊற்றும்போதும், தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கத்தும்போதும் பேசினேன். அதனால் அவள் தமிழ் என் தமிழ். 'வாங்க, போங்க' என்பதுதான் தமிழ் என்று சின்ன வயதில் நினைத்திருந்தாள். பாலைக் கொட்டிய பூனையைப் பார்த்து, "ஏனுங்க, அங்கிட்டுப் போங்க" என்று அதட்டுவாள். இன்றைக்கும் அந்த 'ங்க' அவள் வாயை விட்டுப் போகவில்லை. அந்தப் பூனைக்கு லீட்ஸில் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

இங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் 'உங்கள் இனம் என்ன' என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். மலர் எப்போதும் கடைசிக்குப் போய் 'பிற கலப்பு' என்பதில் டிக் அடிப்பாள். "மிக்சர் பாக்கெட் வாங்கற மாதிரியே இருக்குதுங்கம்மா" என்று சிரிப்பாள். பஸ்ஸில் ஒரு கிழவி என்னிடம், இந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உனக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்டாள். அன்றைக்கு மலருக்கு ஏழெட்டு வயது இருக்கும். வீட்டுக்கு வந்து அதை எழுதினாள். எழுத ஆரம்பித்தது அப்படித்தான். இப்போது இங்கே நூலகங்களிலும் மாணவர் கூட்டங்களிலும் கவிதை வாசிக்கிறாள். எல்லாம் இங்கிலீஷ். எல்லாமே, 'நீ எந்த ஊர், உண்மையிலே எந்த ஊர்' என்று கேட்பவர்களுக்கான பதில்கள்.

தமிழில் அவள் எழுதியது ஒன்றே ஒன்று. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

2

என் அப்பா எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இறந்து ஒரு வருடம் ஆனபோது நினைவுக் கூட்டத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். கோயம்புத்தூர் விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்த்த அதிகாரி மலரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க சொந்தப் பொண்ணுங்களா மேடம்? இல்ல, எடுத்து வளக்கறதுங்களா?"

"நான் பெத்ததுங்க. ஆபரேசன் தழும்பு இருக்குது, காட்டட்டுமா?" என்றேன். அவர் முத்திரையை வேகமாகக் குத்தினார்.

மேலே ஏறி எங்கள் எஸ்டேட் முக்குக்கு வந்தபோது அப்பா பெரிய ஃப்ளெக்ஸில் நின்றுகொண்டிருந்தார். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. கீழே குடும்பப் படம். பழைய படம் ஒன்றிலிருந்து எடுத்தது. அந்தப் படத்தில் கோஃபி என் பக்கத்தில் நின்றிருந்தார். ஃப்ளெக்ஸில் அவர் இருந்த இடத்தில் ஒரு ரோஜாக்கொத்து இருந்தது. மலர் இருந்தாள். ஆனால் மைதா மாவு நிறத்தில் இருந்தாள்.

மலர் காரிலிருந்து இறங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாருங்கம்மா?"

ஃப்ளெக்ஸ் அடித்தவன் செல்வம். குன்னூர் பெட்ஃபோர்டில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். எங்கள் வீட்டு ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவன்தான். நான் போய்ச் சண்டை பிடித்தேன். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"எல்லாத்துக்கும் ஒரே ப்ரைட்னஸ்தானுங்கக்கா. யாரு மூஞ்சி வந்தாலும் முதல்ல வெளுத்துட்டுத்தான் மத்த வேலையே. வெளுக்கலைன்னா சனம் காசு தராதுங்க. உங்கப்பாவையே கூட்டித்தான் வெச்சிருக்கறேன், பாருங்க."

பார்த்தேன். வாழ்நாள் முழுக்க ஃபேக்டரி சூட்டில் கருத்த அப்பா, செத்த பிறகு சிவந்திருந்தார். கோஃபியை யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டேன். செல்வம் தலையைச் சொறிந்தான். "ரூபியக்கா சொன்னாங்க" என்றான்.

ரூபி என் அக்கா.

3

ரூபி அக்காவுக்குப் பூனைக்கண். வெள்ளைத் தோல். பள்ளிக்கூடத்தில் அவளை 'மேம்சாப்' என்று கூப்பிடுவார்கள், அவளுக்கு அது பிடிக்கும். எங்கள் அப்பாவின் பாட்டி துரை பங்களாவில் வேலை செய்தவர். அந்தக் காலத்து வெள்ளைக்கார மேனேஜரைத்தான் துரை என்பது. பிறகு நடந்ததை எங்கள் வீட்டில் யாரும் முழுதாகச் சொன்னதில்லை. "நம்ம ரத்தத்துல கொஞ்சம் துரை ஓடுது" என்று மட்டும் சொல்வார்கள். சொல்லும்போது குரல் தாழும், முகம் மலரும். ரூபியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் இதைச் சொல்லாமலேயே தெரியப்படுத்தினார்கள். அவள் கண்ணைக் காட்டினால் போதும்.

என் கல்யாணச் செய்தி வந்தபோது இதே ரூபி அக்கா போனில் அழுதாள். "ஏம்புள்ள, ஊருல வேற மனுசனே கெடைக்கலையா? பொறக்கற புள்ள என்ன நெறத்துல பொறக்கும்னு ரோசனை பண்ணுனியா?" என்றாள். உனக்குப் பூனைக்கண் எப்படி வந்ததென்று நீ யோசித்தாயா என்று கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு கேட்டால், "டவர் கெடைக்கலை" என்றாள். அவளுக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் நீலகிரி மாவட்டத்தில் டவர் போய்விடும்.

அப்பா அப்படி இல்லை. முதல்முறை கோஃபியை அழைத்துக்கொண்டு போனபோது வீடு முழுக்க ஆள். ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. அப்பா வராந்தாவில் தன் பிரம்பு நாற்காலியிலிருந்து எழுந்து, "உக்காருங்க மாப்ள" என்றார். தான் படியில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே செய்தார். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். கோஃபிக்குத் தமிழில் 'சாப்பிட்டாச்சா' மட்டும் தெரியும். இருவரும் ஆளுக்கொரு டம்ளர் டீயை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நினைவுக் கூட்டத்துக்குப் போனபோது அந்த நாற்காலி வராந்தாவில் இல்லை. ரூபி அதை உள்ளறையில் போட்டு, அதன்மேல் அப்பாவின் படத்தை வைத்து மாலை போட்டிருந்தாள். கோஃபி வாசலில் வாடகைக் கார் டிரைவர்களோடு நின்றார். டிரைவர்கள் நல்லவர்கள், அவருக்குப் பஜ்ஜி வாங்கித் தந்தார்கள்.

உள்ளே பெண்கள் காய் நறுக்கிக்கொண்டே மலரைப் பார்த்தார்கள்.

"முடியப் பாருங்கக்கா, சட்டி தேய்க்கற நாராட்ட."

"எண்ணெயே எறங்காதாட்ட இருக்குது. பேன் புடிச்சா எப்படி எடுக்கறதோ."

மலர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: "பேனெல்லாம் இல்லைங்க. சுத்தமாத்தானுங்க வெச்சிருக்கறேன்."

அரிவாள்மனைச் சத்தம் நின்றுபோனது. ஒருத்திகூட மன்னிப்புக் கேட்கவில்லை. "அடி ஆத்தீ, தமிழ் தெரியுதே!" என்று மட்டும் சொன்னார்கள். தப்பு அவள்மேல் என்பது போல.

அந்த வீட்டில் மலரை ஒரு ஆளாக மதித்தது ரூபியின் மகள் ஜெனி மட்டும்தான். மலரைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். அந்த முடியில் விரல் விட்டுப் பார்த்து, எப்படிப் பின்னுவது என்று கேட்டுக் கற்றுக்கொண்டு, கூட்டத்துக்கு முந்தின நாள் பூராவும் உட்கார்ந்து நெருக்கமாகச் சின்னச் சின்னப் பின்னல்களாகப் பின்னிவிட்டாள். இருவரும் ஒரே போர்வையில் படுத்தார்கள். நாங்கள் இங்கே வந்த பிறகும் ஜெனி வாராவாரம் போன் செய்வாள். அவள் போனுக்கு மட்டும் டவர் எப்போதும் கிடைக்கும்.

4

நினைவுக் கூட்டத்தில் பேரப்பிள்ளைகள் யாராவது ஒருவர் தாத்தாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவது எங்கள் சபை வழக்கம். பெரும்பாலும் பாதிரியார் எழுதிக்கொடுத்ததை வாசிப்பார்கள். மலர் தானே எழுதியிருக்கிறேன் என்றாள். ரூபிக்கு விருப்பமில்லை. ஆனால் பாதிரியார் சந்தோஷமாகச் சரி என்றுவிட்டார். வெளிநாட்டுப் பிள்ளை தமிழில் ஜெபம் சொல்லப்போகிறது என்று நினைத்தார், பாவம்.

செல்வம் வீடியோ எடுத்தான். மலர் சேலை கட்டி, ஜெனி போட்ட பின்னலோடு நின்று, இதை வாசித்தாள்:

என் நிறம் என்னவென்று கேட்கிறீர்கள்.
தேயிலையிடம் கேளுங்கள்.
செடியில் பச்சை. ஃபேக்டரியில் கறுப்பு.
டம்ளரில் சிவப்பு. பால் ஊற்றினால் வேறு.
தேயிலை ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை.

என் பெரியம்மாவின் கண்ணுக்குள் ஒரு துரை உட்கார்ந்திருக்கிறார்.
அவரை யாரும் எழுந்து போகச் சொன்னதில்லை.
அவர் கேட்டு வந்தாரா, கேட்காமல் வந்தாரா என்று
பங்களாவில் வேலை செய்த அந்தப் பெண்ணிடம்
யாரும் விசாரித்ததில்லை.
என் அப்பா கேட்டு வந்தார்.
சர்ச்சில் மோதிரம் மாற்றி வந்தார்.
அவருக்கு உட்கார இடம் இல்லை.

தாத்தா மட்டும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.
தாத்தா போய்விட்டார்.
நாற்காலியை யாரோ உள்ளே தூக்கி வைத்துவிட்டார்கள்.

கடைசி வரிசையில் ஒரு டிரைவர் கை தட்டினார், தனியாக. பாதிரியார் அவசரமாகப் பாட்டு ஆரம்பித்தார். ரூபி அக்கா எழுந்து வெளியே போனாள். நான் போய் கோஃபியின் பக்கத்தில் நின்றேன். மலர் என்ன சொன்னாள் என்று கேட்டார். உங்கள் மாமனாரின் நாற்காலியைப் பற்றிச் சொன்னாள் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. என் வீட்டில் என்னால் இத்தனை வருடமாகச் சொல்ல முடியாததை என் மகள் என் மொழியிலேயே சொல்லிவிட்டாள் என்ற திமிர் வந்தது. சொல்வதற்கென்ன, சந்தோஷமாகத்தான் இருந்தது.

ராத்திரிச் சாப்பாடு வரை ரூபி எங்களோடு பேசவில்லை. மலருக்குச் சோறு போடும்போது மட்டும், "இத்தன வெசத்த எங்க கத்துக்கிட்டே கண்ணு?" என்றாள்.

"உங்க ஊட்டுலதானுங்க பெரியம்மா" என்றாள் மலர்.

5

நாங்கள் லீட்ஸுக்குத் திரும்பிய வாரத்திலேயே அந்தக் கவிதை குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. போட்டது ரூபி.

திறந்து பார்த்தேன். அப்பாவின் படம், பின்னால் தேயிலைத் தோட்டம், மேலே இரண்டு புறாக்கள். பின்னணியில் புல்லாங்குழல். மலரின் குரல் தேயிலையைப் பற்றிச் சொன்னது. 'மன்னிப்புக் கேட்டதில்லை' வரை வந்தது. புல்லாங்குழல் ஒரு இழுப்பு இழுத்தது. அடுத்து, 'தாத்தா மட்டும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்' என்று வந்தது. நடுவில் இருந்த துரை இல்லை. பங்களாவில் வேலை செய்த பெண் இல்லை. மோதிரம் இல்லை, கோஃபி இல்லை. ஆரம்பம் முதல் முடிவு வரை மலரின் முகமும் இல்லை.

வெட்டியது தெரியாமல் வெட்டியிருந்தார்கள். கேட்பவர்களுக்கு அது பேத்தி தாத்தாவை நினைத்து உருகும் கவிதை. நாற்காலி யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்று ஒருவருக்கும் சந்தேகம் வராது.

அது ஓடியது பாருங்கள், அப்படி ஓடியது. சர்ச் குரூப், ஓய்வு பெற்றவர்கள் குரூப், எனக்குத் தெரியாத கோத்தகிரிக்காரர்கள் குரூப். 'கண்ணீர் வந்துவிட்டது.' 'யார் பெற்ற பிள்ளையோ!' 'இந்தக் காலத்தில் இப்படி ஒரு தமிழா!' ஊரில் இதை வாசிக்கிற உங்களில் சிலரும் அதைக் கேட்டு ஒரு பூ போட்டிருப்பீர்கள். முகத்தைத் தேடியிருக்க மாட்டீர்கள்.

ரூபிக்குப் போன் செய்தேன். அதிசயமாக டவர் இருந்தது.

"எதுக்கு வெட்டுன?"

"வெட்டாம? என் கண்ணுக் கதைய ஊருக்கே சொல்லோணுமா? ஜெனிக்கு எடம் பாக்கறோமில்ல."

"சரி, அவ மூஞ்சி உன்ன என்ன பண்ணுச்சு?"

நிதானமாக, நியாயம் சொல்கிற குரலில் சொன்னாள்: "கிரேஸு, நான் தப்பா சொல்லலை. புள்ளைக்குக் கொரலு அருமை. கொரலு மட்டும் போதும். மூஞ்சியப் பாத்தா சனம் கவிதையக் கேக்காது, மூஞ்சியத்தான் பாக்கும். நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

நான் திட்டினேன். என்னென்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது, எழுதினாலும் அச்சிட மாட்டார்கள். மலர் எதிரில் உட்கார்ந்து டோஸ்ட் தின்றுகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனாள். அதற்குப் பிறகு என்னோடு தமிழில் பேசுவது குறைந்தது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பூனையோடு மட்டும் தமிழ். எனக்கு அந்தப் பூனைமேல் பொறாமையாக இருந்தது. ஊர் போனால் போகட்டும், எனக்கும் அவளுக்கும் நடுவிலிருந்த மொழி போய்விடுமோ என்றுதான் பயந்தேன்.

6

ஜெனிக்கு இடம் அமைந்தது. கோயம்புத்தூர்க் குடும்பம். அமைந்த விதத்தை ரூபியே பெருமையாகச் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கவிதையைத் தன் போனில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டுவாராம். ஜெனி அந்தக் கவிதைக்காரப் பெண்ணின் அக்கா முறை என்று தெரிந்ததும், "அத்தன பாசமுள்ள குடும்பத்துல பொண்ணெடுக்கறது நம்ம குடுப்பினை" என்றாராம்.

பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் சபை வழக்கப்படி உற்றார் பெயர்கள் எல்லாம் இருந்தன. 'கிரேஸ், லீட்ஸ்' என்று நான் இருந்தேன், விதவையைப் போல, பிள்ளை இல்லாதவளைப் போல. எங்களை வரச் சொல்லவில்லை. "இப்பத்தான வந்துட்டுப் போனீங்க, எதுக்கு வீணா டிக்கெட் செலவு?" என்றாள் ரூபி.

ஆனால் வேறு ஒன்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் கல்யாண வரவேற்பில் வாழ்த்து மடல் வாசிப்பார்கள். மணமக்களைப் புகழ்ந்து செய்யுள் எழுதி, ஃப்ரேம் போட்டு, மேடையில் வாசித்துக் கொடுப்பது. சம்பந்தியம்மாவுக்கு அது மலர் குரலில் வேண்டுமாம்.

"மண்டபத்துல பெரிய எல்இடி வெக்கறோம். ஜெனி, மாப்ள போட்டோவெல்லாம் ஓடும். மேல மலரு கொரலு. ரெக்கார்டு பண்ணி நேரா செல்வத்துக்கே அனுப்பிரச் சொல்லு. கொரலு மட்டும் போதும்."

முடியாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மலர் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அனுப்பறனுங்க பெரியம்மா" என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் வாயில் தமிழ் கேட்டேன்.

அன்று மாலையே ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்தாள். எனக்குக் காட்டினாள். தலையில் அவள் அப்பா ஊரிலிருந்து வந்த மஞ்சள் துணியை உயர்த்திக் கட்டியிருந்தாள். முகத்தில் பவுடர்கூட இல்லை. நேராகக் கேமராவைப் பார்த்தாள். பேசவில்லை. கவிதை வாசிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். இடையில் ஒருமுறை கண் சிமிட்டினாள். அவ்வளவுதான்.

"குரல் அவங்ககிட்ட ஏற்கனவே இருக்குதுங்கம்மா. மிச்சத்த அனுப்பறேன்" என்றாள்.

அவள் எழுதியதிலேயே சிறந்த கவிதை அதுதான் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஜெனியின் கல்யாண நாளில் வேண்டுமா என்று மட்டும் ஒரு நெருடல் இருந்தது. மலருக்கும் இருந்தது. "ஜெனி அக்கா சிரிப்பாங்க. அவங்களுக்குப் புரியும்" என்றாள். செல்வத்துக்கு அனுப்பினாள்.

7

கல்யாணத்தை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம், எங்களுக்குக் காலை. லேப்டாப்பைச் சமையல் மேடையில் வைத்துக்கொண்டு நான் தோசை ஊற்றினேன். கோஃபி டியூட்டிக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். மலர் தலை குளித்து முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மேடையில் ஜெனி அழகாக இருந்தாள். மைக்கில் அறிவித்தார்கள்: "இப்பொழுது லண்டனிலிருந்து மணமகளின் தங்கை வழங்கும் வாழ்த்துக் கவிதை." லீட்ஸ் என்றால் யாருக்குத் தெரியும்.

எல்இடி திரையில் ஒரு முகம் வந்தது.

மஞ்சள் துணி இருந்தது. கண் இருந்தது. நடுவில் பாலாடை நிறத்தில் ஒரு பெண் இருந்தாள். கன்னத்தில் லேசான ரோஸ். மூக்கின் ஓரங்கள் வெளிச்சத்தில் கரைந்து மூக்கே சின்னதாகியிருந்தது. செல்வம் சத்தத்தைக்கூடக் கேட்டுப் பார்க்காமல் தன் வழக்கத்தைச் செய்திருந்தான். யார் முகம் வந்தாலும் முதலில் வெளுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

ரூபி அக்கா முதலில் பயந்து நெஞ்சில் கை வைத்தாள். அதைப் பார்த்தோம். பிறகு அவள் திரையை உற்றுப் பார்த்தாள். கை மெதுவாகக் கீழே இறங்கியது. சிரித்தாள். பக்கத்திலிருந்தவர்களிடம் திரையைக் காட்டி ஏதோ சொன்னாள். அவர்களும் தலையாட்டினார்கள்.

மண்டபம் குரலுக்காகக் காத்திருந்தது. குரல் வரவில்லை. யாரோ ஸ்பீக்கரைத் தட்டினார்கள். செல்வம் ஓடிப்போய் வயரை ஆட்டினான். "சவுண்டு கொஞ்சம் ப்ராப்ளமுங்க, மன்னிச்சுக்கோங்க" என்று மைக்கில் அறிவித்தார்கள். நேரலைக்குக் கீழே செய்திகள் ஓடின. 'பொண்ணு நல்ல கலர்.' 'லண்டன் குளிர் அப்படி.' 'சவுண்ட் வரலை, ஆனா பாத்தாலே போதும்.'

மலர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோசை கருகியது. நான் அதை எடுத்துப் போடக்கூட மறந்துவிட்டேன்.

அப்போது அவள் போன் அடித்தது. ஜெனியின் எண், வீடியோ அழைப்பு. லேப்டாப்பில் மேடை தெரிந்தது: போனைப் பிடித்திருந்தது ஜெனி அல்ல, பட்டுச்சேலை கட்டிய சம்பந்தியம்மா. கொரலையாவது கேட்டுவிடலாம் என்று அவரே போட்டுவிட்டார் போலிருக்கிறது. பக்கத்தில் ஜெனி.

எடுக்காதே என்று நான் சொல்வதற்குள் மலர் எடுத்துவிட்டாள்.

அந்தப் பக்கம் நாலைந்து முகங்கள் சிரித்துக்கொண்டே நெருங்கி வந்தன. வந்த சிரிப்பு அப்படியே நின்றது. சம்பந்தியம்மா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"இதாரு அம்மணி? மலரெங்க?"

கேள்வி ஜெனிக்கு. ஜெனி போனைப் பார்த்தாள். அவள் விரல்களால் பின்னிவிட்ட அதே முடி, இப்போது விரிந்து திரை முழுக்க இருந்தது. அவளுக்குப் பின்னால் ரூபியின் பூனைக்கண்கள் தெரிந்தன. ஜெனி உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"இவங்க... மலரோட ஃப்ரெண்டுங்க அத்தை. அங்க கூடத் தங்கியிருக்கறாங்க" என்றாள். சொல்லிவிட்டு மலரைப் பார்த்தாள். அப்படிக் கெஞ்சிய கண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் முன்னால் போகப் பார்த்தேன். நாலு வார்த்தை கேட்டுவிட என் நாக்கு துடித்தது. மலர் மறுகையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். ஒன்றும் புரியாத கோஃபி, ஜெனி பேசுகிறாள் என்று மட்டும் தெரிந்து, கையசைத்து வாழ்த்துச் சொல்ல மகளின் தோளுக்குப் பின்னால் வந்தார். மலர் போனைச் சற்றுத் திருப்பிக்கொண்டாள். அவர் படத்தில் விழவில்லை.

"ஆமாங்க" என்றாள் மலர். "மலர் இங்க இல்லைங்க. வெளிய போயிருக்கறாங்க."

"அட! இதென்ன, நம்மூர்ப் புள்ளையாட்டவே பேசறே!" சம்பந்தியம்மாவுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர்களை அழைத்துக் காட்டினார். "பாருங்க, எந்த ஊர்ப் புள்ளையோ, எத்தன அழகாத் தமிழ் பேசுதுன்னு! ஆரு அம்மணி சொல்லிக் குடுத்தா?"

மலர் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அடுப்புப் பக்கத்தில் தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"மலரோட அம்மாங்க" என்றாள்.